வயிற்றுப் பிள்ளையின் கிட்னியில் நீர்த்தேக்கம்: ரிப்போர்ட்டைப் படிப்பதும் பிறந்த பின் செய்ய வேண்டியதும்

"பாப்பாவுக்கு ஒரு பக்கம் கிட்னி லேசா வீங்கியிருக்கு" என்று ஸ்கேன் அறையில் சொல்லும்போதே பாதிக் குழப்பம் தொடங்கிவிடுகிறது. வீக்கம் என்றதும் புண், சீழ், கட்டி என்று மனம் ஓடும். இங்கே அதெல்லாம் கிடையாது. சிறுநீரகத்தில் ஊறும் நீர், நடுவில் புனல் மாதிரி இருக்கும் பெல்விஸ் என்ற பகுதியில் சேர்ந்து, மெல்லிய குழாய் வழியாக மூத்திரப்பைக்கு இறங்குகிறது. அந்தப் புனல் அகன்று நீர் நிற்பதைத்தான் ரிப்போர்ட்டில் 'ஹைட்ரோநெஃப்ரோசிஸ்' என்று எழுதுகிறார்கள். லேசாக இருந்தால் 'பைலக்டேசிஸ்'. நீர்த்தேக்கம் என்று சொன்னால்தான் பொருத்தமாக இருக்கும்.

நூறு கர்ப்பங்களில் ஒன்று முதல் ஐந்து வரை இது தென்படுகிறது. அதில் பாதிக்கு மேல் தானாகவே வடிந்துவிடும். அம்மா தண்ணீர் குறைவாகக் குடித்ததாலோ, பயணம் போனதாலோ, மூத்திரத்தை அடக்கியதாலோ வருவதில்லை. அதே போல, வாழைத்தண்டுச் சாறும் பார்லித் தண்ணீரும் அம்மா குடித்தால் பிள்ளையின் புனல் சுருங்கிவிடும் என்பதும் இல்லை. பார்லித் தண்ணீரால் கெடுதல் ஒன்றுமில்லை; நெருஞ்சில் கஷாயம் போன்றவற்றைக் கர்ப்பத்தில் தொடாமல் இருப்பது நல்லது.

ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஏ.பி.டி. என்ற எண். புனலின் முன்பின் அகலம், மில்லிமீட்டரில். இந்த எண்ணைத் தனியாகப் பார்த்துப் பயப்படுவதிலும் நிம்மதி அடைவதிலும் பயனில்லை. எத்தனையாவது வாரத்தில் எடுத்தது என்பது கூடவே வர வேண்டும். 28 வாரத்துக்கு முன்பு 4 மி.மீ.க்குக் கீழே இருந்தால் இயல்பு. 28 வாரத்துக்குப் பின் 7 மி.மீ.க்குக் கீழே இருந்தால் இயல்பு. அதனால் 20-ஆம் வாரத்தில் 5 மி.மீ. இருந்து 32-ஆம் வாரத்தில் 6 மி.மீ. ஆனால், 'கூடிவிட்டது' என்று வீட்டில் அழுவார்கள். உண்மையில் அது இயல்புக்குள் வந்துவிட்டது.

2014-இல் அமெரிக்காவில் பல மருத்துவச் சங்கங்கள் கூடி யு.டி.டி. என்ற பொது வகைப்பாட்டைக் கொண்டுவந்தன. 28 வாரத்துக்கு முன் 4 முதல் 7-க்குள், பின்பு 7 முதல் 10-க்குள் இருந்து, வேறு எதுவும் கெடாமல் இருந்தால் 'ஏ1'. அதற்கு மேல் போனாலோ, கீழே சொல்லும் துணை அடையாளங்களில் ஒன்று இருந்தாலோ 'ஏ2-3'. சில ஸ்கேன் மையங்கள் பழைய எஸ்.எஃப்.யு. முறையில் 0 முதல் 4 வரை கிரேடு எழுதும். இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் படிக்கக் கூடாது. 'கிரேடு 2'-உம் 'ஏ2'-உம் ஒன்றல்ல.

அளக்கும்போது பிள்ளையின் முதுகெலும்பு திரையில் நேர் மேலே அல்லது நேர் கீழே வரும்படி குறுக்கு வெட்டில் எடுத்தால்தான் எண் சரியாக இருக்கும். சாய்ந்த வெட்டில் எடுத்தால் எண் கூடுதலாகத் தெரியும். பிள்ளையின் மூத்திரப்பை நிறைந்திருக்கும் நேரத்திலும் புனல் சற்று அகன்று காட்டும். எல்லைக்கோட்டில் இருக்கும் எண்ணுக்கு, அரை மணி நேரம் வெளியே உட்கார்ந்து, பிள்ளை மூத்திரம் போன பின் மறுபடி பார்க்கச் சொல்வது நியாயமான கோரிக்கை. ஒரு மி.மீ. ஏற்ற இறக்கம் அளப்பவர் கையைப் பொறுத்தது. அதை வைத்துக் கூடியது குறைந்தது என்று பேச முடியாது.

எண்ணைவிடக் கனமானவை துணை அடையாளங்கள். புனலிலிருந்து கிளை பிரியும் சிறு கிண்ணங்கள் (கேலிசஸ்) ஓரம் வரை விரிந்திருக்கின்றனவா? சிறுநீரகச் சதை மெலிந்திருக்கிறதா, வெளுத்துத் தெரிகிறதா, அதில் நீர்க்கட்டிகள் உண்டா? கீழே இறங்கும் குழாய் தெரிகிறதா? இயல்பான குழாய் ஸ்கேனில் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தால் அது விரிந்திருக்கிறது என்று பொருள். மூத்திரப்பையின் சுவர் தடித்திருக்கிறதா, பை காலியாகிறதா? பனிக்குட நீர் எவ்வளவு? மற்ற கிட்னி எப்படி? இவற்றுக்கு ரிப்போர்ட்டில் பதில் இல்லையென்றால் ரிப்போர்ட் முழுமையில்லை. கேட்டு எழுதி வாங்குங்கள்.

இதில் பனிக்குட நீர்தான் தலையானது. நான்காம் மாதத்துக்குப் பின் அந்த நீரில் பெரும்பங்கு பிள்ளையின் மூத்திரமே. நீர் போதுமான அளவு இருந்தால் குறைந்தது ஒரு கிட்னியாவது வேலை செய்து, மூத்திரம் வெளியே வந்துகொண்டிருக்கிறது. நீர் வற்றினால் நுரையீரலும் வளராது. அதனால்தான் ஒரு பக்கம் 15 மி.மீ. இருந்து நீர் சரியாக இருக்கும் பிள்ளையைவிட, இரண்டு பக்கமும் 9 மி.மீ. இருந்து நீர் குறையும் பிள்ளைக்கு மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுவார்கள்.

காரணங்களில் முதலிடம் தற்காலிகத் தேக்கம். அடுத்து, புனலும் குழாயும் சேரும் இடத்தில் அடைப்பு. ஆண் பிள்ளைகளிலும் இடது பக்கத்திலும் அதிகம். பிறகு, மூத்திரம் பையிலிருந்து மேல்நோக்கித் திரும்பும் ரிஃப்ளக்ஸ். குழாய் பையில் சேருமிடத்து அடைப்பு, இரட்டைக் குழாய், கட்டிகளாகவே உருவான வேலை செய்யாத கிட்னி ஆகியவை குறைவு. மூன்றாம் மும்மாதத்து எண் பிறந்த பின்னான நிலையை ஓரளவு சொல்லும்: லேசான தேக்கத்தில் நூற்றுக்குச் சுமார் 12 பிள்ளைகளுக்கும், நடுத்தரத்தில் 45 பிள்ளைகளுக்கும், 15 மி.மீ.க்கு மேல் போன கடுமையானதில் 88 பிள்ளைகளுக்கும் பிறந்த பின் ஏதோ ஒரு கோளாறு உறுதியாகிறது. கோளாறு உறுதியானால் ஆபரேஷன் என்று அர்த்தமில்லை. பலருக்குக் கண்காணிப்பே போதும்.

உண்மையிலேயே அவசரமானது ஒன்று: ஆண் பிள்ளையின் மூத்திரத் தாரையின் (பையிலிருந்து மூத்திரம் வெளியேறும் வழி) பின்பகுதியில் மெல்லிய சவ்வு மறித்திருப்பது, பி.யு.வி. என்பார்கள். ஸ்கேனில் இரண்டு கிட்னியும் குழாய்களும் விரிந்து, பை தடித்து, அதன் அடிப்பகுதி சாவித்துவாரம் போலத் தெரியும். இதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலினத்தைச் சொல்லக் கூடாது என்பதால் ரிப்போர்ட்டில் 'பி.யு.வி.' என்று நேரடியாக எழுதாமல் 'கீழ்ச் சிறுநீர்ப்பாதை அடைப்பு' என்ற பொருளில் எழுதுவார்கள். மருத்துவர் மழுப்புகிறார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். எந்த மருத்துவமனையில் பிரசவம் வைப்பது என்ற முடிவுக்கு அந்த வரியே போதும். நீர் வற்றிவரும் சில பிள்ளைகளுக்குக் கருவிலேயே பையிலிருந்து பனிக்குடத்துக்குச் சிறு குழாய் வைப்பதுண்டு. பிரிட்டனில் இதைச் சோதித்த ஆய்வு 31 பெண்களோடு பாதியில் நின்று 2013-இல் வெளியானது. உயிர் பிழைக்க உதவலாம், ஆனால் கிட்னியைக் காப்பாற்றியதாகச் சொல்ல முடியவில்லை. ஒரு பக்க லேசான தேக்கத்துக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. கலைத்துவிடலாமா என்ற பேச்சும் அப்படித்தான்.

'சாஃப்ட் மார்க்கர்' என்று சொல்லி டவுன் சிண்ட்ரோம் பயத்தைக் கிளப்புவதும் நடக்கிறது. வேறெந்த அடையாளமும் இல்லாத லேசான தேக்கம் மிகப் பலவீனமான சுட்டி. மூன்றாம் மாத ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகளோடு சேர்த்துப் பார்த்தால் போதும். இது ஒன்றுக்காகவே வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டியதில்லை.

ஏ1 என்றால் 32-ஆம் வாரத்தில் அல்லது அதன் பிறகு இன்னொரு ஸ்கேன். ஏ2-3 என்றால் 4 முதல் 6 வாரத்தில் மறு ஸ்கேன். வாராவாரம் எடுப்பதால் புதிதாக எதுவும் தெரியாது. நீர்த்தேக்கத்துக்காகச் சிசேரியன் தேவையில்லை, தேதிக்கு முன்பே வலி வரவைக்கவும் தேவையில்லை. குறைமாதத்தில் பிறந்தால் வேறு தொல்லைகள் வந்து சேரும். இரண்டு பக்கமும் கடுமை, ஒற்றைக் கிட்னி, நீர் குறைவு, பை தடிப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தால் மட்டும், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சையும் குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவும் ஒரே வளாகத்தில் உள்ள இடத்தில் பிரசவம் வையுங்கள்.

பிறந்த பிறகுதான் பிசகுகிறது

கர்ப்பத்தில் கண்டுபிடித்தது பிறந்த பின் காணாமல் போவதற்கு ஒரு சாதாரணக் காரணம், ஃபைல். ஸ்கேன் ரிப்போர்ட் அம்மாவின் ஃபைலில் இருக்கிறது. பிள்ளைக்கு 'பேபி ஆஃப்' என்று அம்மா பேர் போட்டுப் புது ஃபைல் திறக்கிறார்கள். அதில் எடை இருக்கும், தடுப்பூசி இருக்கும், கிட்னி இருக்காது. மகப்பேறு மருத்துவர் பார்த்தது குழந்தை மருத்துவர் கைக்குப் போவதில்லை. எனவே பிரசவத்துக்குப் போகும் பையில் எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டுகளின் நகல் ஒரு செட் தனியாக இருக்கட்டும். பிள்ளையை முதலில் பரிசோதிக்கும் மருத்துவரிடம் கொடுத்து, டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்தப் பக்கம், எத்தனை மி.மீ., அடுத்த ஸ்கேன் என்றைக்கு என்று எழுதி வாங்குங்கள். சுகப்பிரசவத்தில் ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சம்மரியில் இல்லாதது அதோடு மறந்துபோகும்.

இரண்டாவது காரணம், ஸ்கேன் எடுக்கும் நாள். முதல் 48 மணி நேரத்தில் பிள்ளைக்குப் பால் குறைவாக இறங்கும், மூத்திரமும் குறைவாக ஊறும். நீர் ஊறவில்லையென்றால் புனல் சுருங்கித்தான் இருக்கும். முதல் நாளே 'எடுத்துட்டுப் போயிடலாம்' என்று எடுத்த ஸ்கேனில் 'நார்மல்' என்று வந்து, அந்தக் குடும்பம் மறுபடி வராமலே போவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு. 48 மணி நேரம் கழித்து, ஒரு மாதத்துக்குள் முதல் ஸ்கேன். அது சரியாக இருந்தாலும், ஒன்று முதல் ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஸ்கேன். இரண்டும் சரியாக இருந்தால் மட்டுமே விட்டுவிடலாம். முதல் ஸ்கேன் சுத்தமாக வந்து, இரண்டாவதில் அடைப்பு தெரிவது உண்டு.

பி.யு.வி. சந்தேகம், நீர் குறைவு, ஒற்றைக் கிட்னி, இரு பக்கக் கடுமை உள்ள பிள்ளைகளுக்கு இந்த 48 மணிக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு உடனே எடுக்க வேண்டும். பி.யு.வி. என்றால் பிறந்ததும் 5 அல்லது 6 ஃபிரெஞ்சு (டியூபின் பருமனைச் சொல்லும் அலகு) அளவுள்ள ஃபீடிங் டியூபை மூத்திரப்பைக்குள் விட்டு வடியவிடுவார்கள். பலூன் உள்ள கதீட்டரைத் தவிர்ப்பார்கள். தடித்துச் சிறுத்த பையில் பலூன் இடத்தை அடைத்து, மேலிருந்து வரும் குழாய்வாயையும் மறிக்கும். கிட்னியின் வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினினை முதல் இரண்டு மூன்று நாளில் எடுத்தால், அந்த அளவில் அம்மாவுடையதும் கலந்திருக்கும். அடுத்தடுத்து எடுத்து இறங்குகிறதா என்று பார்ப்பதில்தான் பொருள் இருக்கிறது.

பெரும்பாலான பிள்ளைகள் 24 மணிக்குள் முதல் மூத்திரம் போய்விடும். ஆண் பிள்ளை போகும்போது டயப்பரைக் கழற்றி ஒரு முறையாவது பாருங்கள். வளைந்து பீய்ச்சி அடிக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தாலோ, முக்கிப் போனாலோ, அடிவயிறு பந்து போல நின்றாலோ அன்றே சொல்லுங்கள். நன்றாகப் பீய்ச்சுகிறது என்பதால் மட்டும் பி.யு.வி. இல்லை என்று ஆகிவிடாது.

பிறந்த பின் எண்கள் மாறும்: 10 மி.மீ.க்குக் கீழே இயல்பு, 10 முதல் 15-க்குள் லேசு, 15-உம் அதற்கு மேலும் கவனத்துக்குரியது. சதை மெலிந்தாலோ பை சரியில்லை என்றாலோ எண் எதுவானாலும் உயர்ந்த வகைக்குப் போய்விடும்.

அடுத்து வரும் பரிசோதனைகள் இரண்டு. எம்.சி.யு.ஜி. என்பது மெல்லிய டியூப் வழியாகப் பையில் மருந்து நிரப்பி, பிள்ளை மூத்திரம் போகும்போது எடுக்கும் எக்ஸ்ரே. எல்லோருக்கும் வேண்டாம், குழாய் விரிந்தவர்கள், இரு பக்கக் கடுமை, பை தடிப்பு, காய்ச்சலோடு மூத்திரத் தொற்று வந்தவர்களுக்கு. மயக்கம் கொடுப்பதில்லை. ஒரு வயதுக்குள் பையின் கொள்ளளவு, கிலோவுக்கு 7 மி.லி. என்று கணக்கு, 5 கிலோ பிள்ளைக்குச் சுமார் 35 மி.லி. வரும். மருந்தை ஊசியால் அழுத்தாமல், தொங்கவிட்டுத் தானாக இறங்கவிட வேண்டும். ஆண் பிள்ளைக்கு, மூத்திரம் போய்க்கொண்டிருக்கும் நொடியில் பக்கவாட்டில் ஒரு படம் கட்டாயம். அந்தப் படம் இல்லாத எம்.சி.யு.ஜி. பாதிதான், சவ்வு இருப்பது அதில்தான் தெரியும். மூத்திரத் தொற்று இல்லை என்று உறுதி செய்துவிட்டு, ஆன்டிபயாடிக் பாதுகாப்போடு எடுப்பார்கள். எடுத்த இரண்டு நாளுக்குள் காய்ச்சல் வந்தால் உடனே காட்டுங்கள்.

ரீனோகிராம் என்ற அணு ஸ்கேன், ஒவ்வொரு கிட்னியும் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, நீர் வடிகிறதா என்று சொல்லும். ஆறு வாரத்துக்கு முன் எடுத்தால் கிட்னி முதிராததால் முடிவு தடுமாறும். கைக்குழந்தைக்கு டி.டி.பி.ஏ.வைவிட இ.சி. அல்லது மேக்-3 மருந்து தெளிவாகக் காட்டும். பால் நன்றாகக் கொடுத்துவிட்டுக் கூட்டிப்போங்கள். உடம்பில் நீர் வற்றிய பிள்ளைக்கு அடைப்பு இல்லாமலே அடைப்பு போலத் தெரியும். நடுவில் மூத்திரத்தைப் பெருக்கும் ஃபுரோஸ்மைடு மருந்தைக் கிலோவுக்கு 1 மி.கி. போட்டு, வடிகிறதா என்று பார்ப்பார்கள். மூத்திரப்பை நிறைந்திருந்தாலும் வடியாது. அதனால் பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, மூத்திரம் போன பின் எடுக்கும் கடைசிப் படத்தைக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு பக்கமும் 45-55 சதவீதம் என்ற வரம்புக்குள் இருந்தால் இயல்பு. 40-க்குக் கீழே போனாலோ, முந்தைய ஸ்கேனைவிட 10 புள்ளிக்கு மேல் இறங்கினாலோதான் ஆபரேஷன் பேச்சு வரும். வடிவது தாமதம் என்ற ஒரு வரிக்காக மட்டும் கத்தி வைப்பதில்லை.

மூத்திரம் பிடிப்பதும் மருந்து அளப்பதும்

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டு, சளி இருமல் எதுவும் இல்லையென்றால், நீர்த்தேக்கம் உள்ள பிள்ளைக்கு முதல் சந்தேகம் மூத்திரத் தொற்று. பச்சைப் பிள்ளைக்குக் காய்ச்சலே இல்லாமல் வாந்தி, பால் குடிக்காமை, சோர்வு என்று மட்டும்கூட வரும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு மூத்திரம் எடுத்துவிட வேண்டும். ஒட்டும் பை கட்டி எடுத்த மூத்திரத்தில் கிருமி இல்லை என்று வந்தால் நம்பலாம். இருக்கிறது என்று வந்தால் நம்ப முடியாது, தோலில் உள்ள கிருமியும் கலந்திருக்கும். அதை வைத்து ஊசி போடத் தொடங்கினால் பிறகு உண்மை தெரியவே தெரியாது.

சின்னக் குழந்தைக்கு நேரடியாகப் பிடிக்க ஒரு வழி உண்டு. மூன்று பேர் வேண்டும். பால் கொடுத்து 25 நிமிடம் கழித்து, இடுப்புக்குக் கீழே சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவித் துடைக்கவும். ஒருவர் பிள்ளையை அக்குளில் பிடித்து, கால் தொங்கும்படி தூக்கிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்புக்குச் சற்று மேலே விரல் நுனியால் நொடிக்கு ஒன்றிரண்டு தட்டாக அரை நிமிடம் தட்ட வேண்டும். பிறகு கீழ்முதுகில் முதுகெலும்பின் இரு பக்கமும் கட்டைவிரலால் அரை நிமிடம் வட்டமாகத் தடவ வேண்டும். ஐந்து நிமிடம் வரை மாற்றி மாற்றிச் செய்யலாம். மூன்றாமவர் கல்ச்சர் டப்பாவோடு தயாராக இருந்து, முதல் சொட்டுகளை விட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். டப்பாவின் உள்பக்கத்தில் விரல் படக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். முடியாதென்றால் ஃபிரிட்ஜில், ஃபிரீசரில் அல்ல. நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரம் பைக்கில் வைத்திருந்தால் பத்துக் கிருமி பல நூறு ஆகிவிடும். இது முடியாதபோது டியூப் விட்டு எடுப்பதே சரி.

தினசரி ஆன்டிபயாடிக் லேசான தேக்கத்துக்கு வழக்கமாகத் தேவையில்லை. கடுமையானது, குழாய் விரிந்தது, ரிஃப்ளக்ஸ் உள்ளது ஆகியவற்றுக்கு மருத்துவர் எழுதுவார். முதல் மூன்று மாதத்துக்கு வழக்கமாகச் செபலெக்சின், கிலோவுக்கு 10 மி.கி., இரவில் ஒரு வேளை. கோட்ரைமாக்சசோலைப் பச்சைப் பிள்ளைக்குத் தருவதில்லை; மஞ்சள்காமாலையைக் கூட்டும். தவறு நேர்வது அளவில்தான். 4 கிலோ பிள்ளைக்கு 40 மி.கி. வேண்டும். 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ள சிரப்பில் அது 1.6 மி.லி. ஆகும். அதே மருந்து 1 மி.லி.க்கு 100 மி.கி. உள்ள டிராப்ஸாகவும் வருகிறது; அதில் 0.4 மி.லி. போதும். கடைக்காரர் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்து, வீட்டில் பழைய கோட்டிலேயே ஊற்றினால் நாலு மடங்கு போய்விடும், அல்லது கால் பங்குதான் போகும். மி.லி.யைச் சொல்லாமல் மி.கி.யைச் சொல்லிச் சரிபாருங்கள். பொடியாக வரும் சிரப்பை ஆறவைத்த கொதிநீர் விட்டுக் கலக்கிய பின், லேபிளில் போட்டிருக்கும் நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. ஒரு வேளைக்கு இவ்வளவு சின்ன அளவு என்பதால் புட்டியில் பாதிக்கு மேல் மிஞ்சும். காசு போகிறதே என்று மாதம் முழுக்க ஊற்றுவது வழக்கமாகிவிடுகிறது. எடை ஏற ஏற அளவும் ஏற வேண்டும். 4 கிலோவில் எழுதியதை 7 கிலோவிலும் ஊற்றிக்கொண்டிருப்பது இன்னொரு வழக்கம்.

ஆண் பிள்ளையின் முன்தோலைப் பின்னுக்கு இழுத்துச் சுத்தம் செய்ய வேண்டாம். கைக்குழந்தைக்கு அது ஒட்டியிருப்பது இயல்பு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும், 'கிட்னிக்கு நல்லது' என்று தண்ணீர் புகட்டக் கூடாது. திட உணவு தொடங்கிய பின் மலச்சிக்கல் வராமல் பாருங்கள். இறுகிய குடல் மூத்திரப்பையை அழுத்தித் தொற்றுக்கு வழி செய்யும்.

ஆபரேஷன் என்று முடிவானால், பெரும்பாலும் புனல் சேருமிடத்தில் குறுகிய பகுதியை வெட்டி எடுத்துத் திரும்ப இணைக்கும் பைலோபிளாஸ்டி. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குச் சரியாகிவிடுகிறது. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற அரசு இடங்களிலும் குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவு உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், தேதி வாங்கும் முன்பே காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். உள்ளே டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்திருந்தால் அதை 4 முதல் 6 வாரத்தில் எடுக்க வேண்டும். எடுக்கும் தேதியைச் சம்மரியில் எழுதி வாங்குங்கள். விட்டுவிட்டால் அதன் மேல் கல் படியும்.

ஆபரேஷனுக்குப் பின் எடுக்கும் முதல் ஸ்கேனிலும் 'ஹைட்ரோநெஃப்ரோசிஸ்' என்றுதான் எழுதியிருக்கும். பல மாதம் அகன்றே இருந்த புனல் ஒரு வாரத்தில் சுருங்காது, சிலருக்கு லேசான அகலம் கடைசி வரை இருக்கும். பழைய எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 28 மி.மீ. இருந்தது 14 ஆகியிருந்தால் அது நல்ல செய்தி. அடைப்பு போயிற்றா என்று சொல்வது சில மாதம் கழித்து எடுக்கும் ரீனோகிராம். அதற்குள் புது மருத்துவரிடம் போனால், கையில் பழைய ரிப்போர்ட் இல்லாத பட்சத்தில், அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.